கம்பளத்தின் முதுகைப் பாருங்கள்

பழைய பாரசீகக் கம்பளம் எந்த ஊர்க்காரர்கள் நெய்தது என்று தெரிய வேண்டுமானால் அதைப் புரட்டிப் போட வேண்டும். பூவும் கொடியும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல; ஓர் ஊரின் வடிவத்தை இன்னோர் ஊர் தாராளமாக எடுத்துக்கொள்ளும். கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களில் அடுத்தடுத்த இரண்டைப் பிடித்து, ஒரு கம்பளி இழையைச் சுற்றி வெட்டிவிட்டால் ஒரு முடிச்சு. முடிச்சு என்பது பேச்சுக்குத்தான். அது வெறும் சுற்று. ஒரு வரிசை முடிந்ததும், குறுக்கே போகும் நூலான ஊடையை ஓட்டிச் சீப்பால் அடித்தால்தான் நிற்கும்.

சுற்றுவதில் இரண்டு வகை. இரண்டு பாவையும் ஒரே மாதிரி வளைத்து, இரு முனைகளையும் நடுவில் இழுப்பது சமச்சீர் முடிச்சு. தப்ரீஸில் இதுதான் வழக்கம். ஒரு பாவை முழுதாகச் சுற்றி, மற்றதன் பின்னால் மட்டும் இழையைக் கொண்டுபோவது காஷான், இஸ்பஹான் பக்கத்து வழக்கம். இதற்குச் 'சென்னே முடிச்சு' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், ஈரானின் சென்னே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் போடுவது சமச்சீர் முடிச்சை!

முதுகில் தெரிவது ஊடையின் கதை. ஹமதான் கிராமங்களில் வரிசைக்கு ஒரே ஊடை. அதனால் பின்புறத்தில் வெள்ளைப் பாவு, செங்கல் சுவர்போல ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். குர்து மக்களின் பிஜார் கம்பளம் வேறு சாதி. விறைப்பான ஊடை, ஒன்றுவிட்டு ஒரு பாவைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு அடுக்காக்கிவிடும். அதன்மேல் கனமான சீப்பால் அடித்து நெருக்குவார்கள். பலகைபோல விறைத்து நிற்கும் இதைச் சுருட்டலாம். மடிக்க முயன்றால் நூல் அறுந்துபோகலாம்.

வயதைப் பற்றிக் கேட்டால், மறுபடி முன்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பேன். மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் நூற்றாண்டுகள் தாங்கும். கறுப்புதான் பலவீனம். துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்த்து அந்தச் சாயத்தைக் காய்ச்சினார்கள். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல். ஆண்டுகள் போகப் போக அந்த இரும்பு கம்பளியை மெல்ல அரித்துவிடும். சிவப்புப் பூ மேடாக நிற்க, அதைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் வாய்க்கால்போல விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்படும்.