கன்னு நடறது அப்புறம், மொதல்ல பாரிட்ட (தண்ணி வடியற வாய்க்கால) அடைங்க

மலேசியா சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தை டவுன (போர்டுல பெஸ்தாரி ஜெயான்னுதான் இருக்கும், நம்ம ஆளுங்க வாயில வராது) தாண்டி கொஞ்ச தூரம் போனா ராஜா மூசா காடு. வட சிலாங்கூர் கம்புட் (பீட்) சதுப்புக் காட்டுல ஒரு பகுதி அது, மொத்த காடும் சேத்தா ஏறக்குறைய 80,000 ஹெக்டர். அடிக்கடி யாராவது ஒரே கலர் டீசர்ட்ல பஸ் புடிச்சி வந்து மஹாங் மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டு போவாங்க. கொற சொல்லல, நல்லதுதான். ஆனா தண்ணி மட்டம் பாக்கறதே எனக்கு பொழப்பு, அதனால நான் கேக்கறது ஒண்ணுதான், பக்கத்துல ஓடற பாரிட்ட அடைச்சாச்சா?

கம்புட்ட மண்ணுன்னு சொல்றோம், ஆனா அது முழுக்க விழுந்த மரமும் கெளையும் வேரும்தான், தண்ணிக்குள்ள கெடந்ததால மக்க முடியாம ஆயிரக்கணக்கான வருசமா சேந்துகிட்டே வந்தது. ஒரு புடி அள்ளி பிழிஞ்சா கருந்தேத்தண்ணி கலர்ல சொட்டும், கையில நாரும் குச்சியும்தான் மிஞ்சும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மலைமேட்டுலயும் இப்படி நெலம் இருக்கு, அங்க பாசியால ஆனது. அங்க ஆடு மேய்ச்சலுக்குன்னு வாய்க்கா வெட்டுனாங்க, இங்க வெட்டுமரத்த வெளிய கொண்டாறதுக்கு வெட்டுனாங்க, அப்புறம் செம்பனை (பாமாயில் மரம்) நடறதுக்கு. இப்ப ரெண்டு பக்கமும் ஒக்காந்து அத அடைச்சிட்டு இருக்கோம்.

தண்ணி எறங்குனா உள்ள காத்து போகும், காத்து போனா மக்க ஆரம்பிக்கும், அப்புறம் நெலமே கீழ எறங்கும். சுமத்ராவுல அளந்து பாத்ததுல மொத அஞ்சு வருசத்துலயே ஒரு மீட்டருக்கு மேல எறங்கியிருக்கு, அதுக்கப்புறமும் வருசத்துக்கு சுமார் 5 செ.மீ. நம்பலன்னா கம்புட்ல போட்ட பழைய செம்பனைய போய் பாருங்க, வேரு வெளிய தெரியும், மரம் ஒரு பக்கமா சாஞ்சி கெடக்கும்.

அளக்கறது பெரிய வித்தையெல்லாம் இல்ல, ஓட்ட போட்ட பிவிசி பைப்ப எறக்கிட்டு டேப்ப விட்டு பாக்கறதுதான். செம்பனை தோட்டத்துல தண்ணி தரைக்கு 40லேந்து 60 செ.மீ. கீழ நிக்கணும். காட்டுல மேல் மட்டத்த ஒட்டியே நிக்கணும். இதுல என்ன வில்லங்கம்னா தோட்டத்து எல்லை பாரிட் காட்டுத் தண்ணியயும் சேத்து இழுத்துக்கும், அதுக்கு வேலி கீலியெல்லாம் தெரியாது.

அடைக்கறப்ப ஒரே எடத்துல பெருசா கட்டி பிரயோஜனமில்ல. கம்புட் நடுவுல மேடா இருக்கும், தண்ணி நாலா பக்கமும் வழியும், அதனால மரக்கட்டயும் மண்மூட்டயும் வச்சி படிப்படியா வரிசையா அடைக்கணும், ஒவ்வொரு அடைப்புக்கும் நடுவுல தண்ணி வழியறதுக்கு ஒரு தாழ்வு விட்டுடணும், இல்லாட்டி ஓரத்த அரிச்சிகிட்டு ஓடிரும். சில எடத்துல படகு போறதுக்காக ஆளுங்களே ஒடைச்சி விட்டுடறாங்க, அது தனி கத.

தண்ணி வத்துன கம்புட்ல தீ புடிச்சா மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், அடியில ஊதுபத்தி மாதிரி கனிஞ்சிகிட்டே போவும், நல்ல மழை வந்தாதான் அடங்கும். 2015 புகைமூட்டத்துல சிலாங்கூர்ல ஸ்கூலெல்லாம் மூடுனது ஞாபகம் இருக்கா, பெரும்பாலும் சுமத்ரா, கலிமந்தான் பக்கம் இப்படி எரிஞ்சதுதான். எரிஞ்ச எடத்துல லாலாங் புல்லும் பெரணியும் மொளைக்கும், அடுத்த வெயில்ல அதுவே எரியும், நட்ட கன்னும் சேந்து போவும். தண்ணி நின்னு தீயும் வராம பாத்துகிட்டா மஹாங் நடாமலே தானா மொளைக்கும்.

இந்த கருப்புத் தண்ணிக்குள்ளதான் பெட்டா லிவிடான்னு ஒரு சின்ன மீன் இருக்கு. வெரல் நீளம்கூட வராது, செவப்பு ஒடம்பு, வெலாவுல பச்சையா ஒரு மினுக்கு. ஒலகத்துலயே சிலாங்கூர்ல மட்டும்தான் இருக்கு, 1992லதான் பேரு வச்சாங்க. புளிப்பான இந்தத் தண்ணிதான் அதுக்கு வீடு, பாரிட் காஞ்சா அது எங்க போவும்? இருவாச்சி, தாப்பிர், தேன் கரடி பத்தியெல்லாம் பேச ஆளு இருக்கு, இந்த மீனுக்கு யாரும் இல்ல.

தண்ணி நின்னா டெங்கி வராதான்னு அக்காமாருங்க கேப்பாங்க. ஏடிஸ் கொசு தேடறது வீட்டச் சுத்தி இருக்கற வாளி, டயர், பூச்சட்டி, மொதல்ல அத கவுத்துங்க. வெயில் காலத்துல காட்டோரம் குப்பைய கொளுத்தாதீங்க, பொக வந்தா சின்னதுன்னு பாக்காம 999க்கு அடிங்க, பாரிட்ல மண்மூட்ட சரிஞ்சி கெடந்தா அத வீட்டுக்கு தூக்கிட்டு போயிடாம யாருகிட்டயாவது சொல்லுங்க.