மண்சரிவு நிவாரணம்: நிபுணர் போட்ட கோடும் வி.ஏ.ஓ. எழுதும் வரியும்

எந்த மலைச்சரிவில் மண் இறங்கும், எந்த ஆறு ஊருக்குள் எவ்வளவு தூரம் வரும் என்று பல்கலைக்கழகங்கள் பல வருடங்களாக ஆராய்கின்றன. மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் உணர்கருவிகளைப் பதித்து எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 டிசம்பரில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தபோது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வந்து மலையை ஆய்வு செய்தார்கள். இந்த வேலை உயிரைக் காப்பாற்றும். ஆனால் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு அந்த அறிக்கையால் பணம் வராது. பணம் வருவது வி.ஏ.ஓ. எழுதும் சேத அறிக்கையை வைத்துத்தான்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் கீழுள்ள மாநிலப் பேரிடர் நிதியிலிருந்துதான் நிவாரணம். 2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம். வீடு முழுதாகவோ கடுமையாகவோ சேதமானால் மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய், சமவெளியில் 1,20,000. பகுதி சேதம் என்றால் கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். குடிசைக்கு 8,000. மாநில அரசு தன் கணக்கில் கூட்டித் தரலாம், ஆனால் அது அந்தந்த நேரத்து அரசாணையைப் பொறுத்தது.

மலையில் இருக்கும் கான்கிரீட் வீட்டுக்கு 1,30,000-க்கும் 6,500-க்கும் நடுவே எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பின்சுவர் முழுக்கப் பெயர்ந்து, தரை இரண்டாகப் பிளந்து, முன்சுவரும் கூரையும் மட்டும் நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் நின்றபடியே பார்த்துவிட்டு ‘பகுதி சேதம்’ என்று எழுதிப் போய்விடுகிறார்கள். வங்கிக் கணக்கில் 6,500 விழுந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிகிறது. அதனால் அதிகாரி வரும்போது வீட்டில் ஒருவர் கட்டாயம் இருங்கள். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். என்ன வகை எழுதினீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மண்ணை அள்ளிச் சுத்தம் செய்வதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்த கண்ணி பட்டா. பட்டா இல்லை என்றால் மனுவையே வாங்காமல் திருப்பி அனுப்புகிற அலுவலகங்கள் உண்டு. கூடலூர்ப் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்தில், அதாவது உரிமை தீராமல் பட்டா கிடைக்காத நிலத்தில், தலைமுறையாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வீட்டு நிவாரண விதி கேட்பது, தகுதியுள்ள அதிகாரி சான்று கொடுத்த, அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்பதைத்தான். பட்டா காட்டு என்று அதில் இல்லை. வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை, புறம்போக்காக இருந்தால் பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த்துறை தரும் அறிவிப்பு), எது கையில் இருக்கிறதோ அதை இணைத்து எழுத்தில் கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிலமே அடித்துக்கொண்டு போனதற்கான இழப்பீடு வேறு. சிறு, குறு விவசாயிக்கு எக்டேருக்கு 47,000 ரூபாய். அதற்கு வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், நிலத்துக்குச் சொல்ல வேண்டிய காரணத்தை வீட்டுக்கும் சொல்லித் தள்ளிவிடுவார்கள். தனித்தனியாகக் கொடுங்கள்.

எஸ்டேட் லயன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீட்டில் இருப்பவர்களிடம் ‘வீடு உங்களுடையது இல்லை’ என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே கதைதான். வீட்டுப் பணம் கேட்க முடியாமல் போகலாம். ஆனால் வீடு முழுதாகப் போயிருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று குடும்பத்துக்குத் தனியாக உண்டு. கறவை மாடு செத்திருந்தால் ஒன்றுக்கு 37,500. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுப்பதற்குள் புதைத்துவிடாதீர்கள்.

நிபுணர் குழு வந்து போன பிறகு ஒரு சிக்கல் வரும். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழு வரைபடத்தில் ஒரு கோடு போடும். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு அப்படித்தான் கோடு போட்டு, அதற்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். சில குடும்பங்களுக்குக் கோட்டுக்கு வெளியே வீடு நின்றது, ஆனால் அதற்குப் போகும் வழி போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் முதல் பட்டியலில் இல்லை. போராடிய பிறகே பிந்திய பட்டியலில் சேர்ந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கோ வேறு தொல்லை. ஆபத்தான இடம், திரும்பக் கட்டக் கூடாது என்பார்கள். வீடு இன்னும் விழவில்லை, அதனால் சேதம் இல்லை என்றும் அவர்களே சொல்வார்கள். விழாத வீட்டிலிருந்து இடம் மாற்ற நிவாரண விதியில் தலைப்பு கிடையாது. ஆபத்தை முன்கூட்டியே குறைப்பதற்குத் தணிப்பு நிதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. மாநிலத்துக்கு ஒதுக்கும் பேரிடர் நிதியில் 20 சதவீதம் அதற்குத்தான். அதற்குத் தனி ஆளாக விண்ணப்பம் போட முடியாது. தெருவே சேர்ந்து கிராமசபைத் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் கேட்பதுதான் வழி. வீட்டைக் காலி செய்யச் சொன்னால், தேதியோடு எழுத்தில் வாங்காமல் வெளியேறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உயிர்தான் முதலில். முகாமில் பெயரைப் பதிந்துவிட்டு, மறுநாளே அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

மனுவைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘வி.ஏ.ஓ.விடம் போங்கள், ஆர்.ஐ.யிடம் போங்கள்’ என்று அலைக்கழித்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் போடுங்கள், அங்கே மனு எண் கிடைக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு சேத ஆய்வு அறிக்கை, பயனாளிகள் பட்டியல், நிபுணர் குழு அறிக்கை மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் நிவாரணம் தரவில்லை என்று அதில் கேட்காதீர்கள், விளக்கம் கேட்க இடமில்லை என்று திருப்பிவிடுவார்கள். நகல் மட்டும் கேளுங்கள்.