ஓடி முடித்ததும் இருமும் பிள்ளைகள்

உறைபனி விழும் ஜனவரி வாரங்களில், ஊட்டியில் என்னிடம் வரும் அம்மாக்கள் பலர் சொல்வது இதுதான்: "ஓடும்போது நல்லாத்தான் இருக்கான் டாக்டர். நின்னதும் இருமல் பிடிச்சுக்குது." வீட்டில் சளி என்று கஷாயம் கொடுத்திருப்பார்கள். அப்புறம் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

பெரும்பாலும் இது சளி இல்லை. ஓடும் பிள்ளை வாயால் மூச்சு வாங்குகிறது. காலைக் குளிரின் வறண்ட காற்று மூக்கில் சூடேறாமல் நேரே இறங்க, மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்குகிறது. ஓட்டம் நின்ற 5, 10 நிமிடங்களில் இருமல் கூடும்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணியும். வாயை மூடி ஒரு மஃப்ளர், ஓடுமுன் 10, 15 நிமிடம் மெதுவான பயிற்சி, மருத்துவர் எழுதித் தந்திருந்தால் இன்ஹேலர். இவற்றோடு அநேகப் பிள்ளைகள் தாராளமாக ஓடலாம். பேச முடியாமல் மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்தது ஸ்வெட்டர். இரண்டைப் போட்டு ஓடவிட்டால் உள்ளே பனியன் நனைந்துவிடும். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் நின்றதும் சூடு வேகமாக வெளியேறுகிறது. ஓடும்போது ஒன்றைக் கழற்றுங்கள். நின்றதும் பனியனை மாற்றிவிட்டுப் போர்த்துங்கள். பையில் காய்ந்த பனியன் ஒன்று இருக்கட்டும்.

போட்டிக்காகக் கோயம்புத்தூர் இறங்கும்போது கதை மாறுகிறது. காற்று தோலைவிடச் சூடானால், அதே பெரிய பரப்பு வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. பிள்ளைகளுக்கு வியர்வையும் குறைவு. உடல் வெயிலுக்குப் பழக 10 நாள், இரண்டு வாரம் வேண்டும். நாமோ காலையில் பஸ் ஏற்றி மதியம் ஓடச் சொல்கிறோம். தண்ணீரும் ஓய்வும் சரியாகக் கிடைத்தால் பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே வெயிலைச் சமாளிப்பார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011இல் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டது. எனவே பொறுப்பு நம்முடையது. தாகம் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள், பி.டி. சார்களே. மலைப் பிள்ளைகள் தாமாகக் கேட்கமாட்டார்கள்.

தலைசுற்றல், வாந்தி என்றால் உடனே ஆட்டத்தை நிறுத்தி நிழலில் படுக்க வையுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.