முக்கால் மணி நேர அலாரம்

போன வருஷம் ஒருவர் வலது தோள் வலி என்று என்னிடம் வந்தார். வயது 54, சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். (இதில் வரும் இருவரையும் யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தோளை அழுத்திப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, அப்புறம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: "ஜிம்முல என்ன செய்றீங்க அண்ணே, முதல்ல இருந்து அப்படியே சொல்லுங்க." அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். 45 நிமிடத்துக்கு ஓர் அலாரம். அது அடித்தால் பாதி செட்டில் இருந்தாலும் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். "அதுக்கு மேல போனா கார்ட்டிசால் ஏறி, கட்டின தசையை அதுவே தின்னுடும்னு சொன்னாங்க தம்பி. இந்த வயசுல இருக்கிறதையும் விட்டுடக் கூடாதுல்ல?"

அலாரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமென்று செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கக்கூட அவர் நிற்பதில்லை, களைத்துப்போன தோளோடு அடுத்த எடையைத் தூக்குகிறார், முதுகை வளைத்து, கழுத்தை இறுக்கி, எப்படியோ. தோள் ஏன் வலிக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருந்தது. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இந்த 45 நிமிடக் கதையைப் பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். சிலர் ஒரு மணி நேரம் என்பார்கள், சிலர் 40 நிமிடம். இதை என்னிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருபது வயதுப் பையன் இதை நம்பி அரைகுறையாகப் பயிற்சி செய்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர் அப்படிச் செய்தால் நஷ்டம்தான்.

கார்ட்டிசால் என்பது சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன். நாம் காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வந்து நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். அவசரம் என்று உடம்பு நினைத்தால் இது கூடும், தசையில் உள்ள புரதத்தை உடைத்து, கல்லீரலுக்கு அனுப்பி, அங்கே சர்க்கரையாக மாற்ற வழி செய்யும். "தசையைத் தின்னும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. முழுப் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு நேரம் கூடியிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் பேசினால் தப்பான இடத்தில் பயப்படுவோம்.

எடை தூக்கும்போது கார்ட்டிசால் ஏறுவது உண்மை. கடினமாகச் செய்தால் இன்னும் ஏறும். அது வேலை செய்யும் தசைக்கு எரிபொருளைத் திரட்டிக் கொடுக்கத்தான் ஏறுகிறது, பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். 45ஆவது நிமிடத்தில் திறக்கும் கதவு என்று எதுவும் உடம்பில் கிடையாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 56 இளைஞர்களை 12 வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்து, பயிற்சி முடிந்ததும் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்களையும் அவர்களுக்குச் சேர்ந்த தசையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2012இல் வெளியான ஆய்வு. தசை கட்டும் ஹார்மோன் என்று பெயரெடுத்த டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஏறியது என்பதற்கும் தசை எவ்வளவு கூடியது என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. கார்ட்டிசால் அதிகம் ஏறியவர்கள் தசையை இழக்கவும் இல்லை. அதனால் ஜிம்மில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை விடுங்கள். மிச்சம் 23 மணி நேரத்தைப் பார்ப்போம்.

தோள் வலி அண்ணனின் மிச்ச நேரம் இப்படி: காலை ஏழரைக்கு வேலை முடியும், கோப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங், வேறு ஒன்றும் இல்லை, அப்படியே ஜிம். ஒன்பதரைக்கு வீடு. ஜன்னலில் வெயில், கீழே புளோக்கில் புல் வெட்டும் இயந்திரம், நாலு மணி நேரத் தூக்கம். இரண்டு மணிக்கு எழுந்து சோறும் ரசமும் ஒரு துண்டு மீனும். முந்தைய இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட மீ கோரெங்கிற்கு அப்புறம் அதுதான் சாப்பாடு. மகளுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

தசையைக் கரைக்கக்கூடியது இதுதான், தோள் வலிக்கு நான் பாக்கி வைத்த மீதிப் பாதிப் பதிலும் இதுதான். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் 13 இளைஞர், இளம்பெண்களை ஒரே ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் தசை புதிதாகப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது, கார்ட்டிசால் 21 சதவீதம் கூடியிருந்தது, டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் இறங்கியிருந்தது. ஒரே ராத்திரி, அதுவும் நல்ல வயதில் உள்ளவர்களுக்கு.

வயதானால் இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. இரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டிய கார்ட்டிசால் முன்புபோல் முழுதாக இறங்குவதில்லை. கார்ட்டிசாலுக்கு எதிர்த்தட்டு மாதிரி இருக்கும் டிஹெச்இஏ என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோன் இருபதுகளில் உச்சத்தில் இருந்து, எழுபது எண்பது வயதில் அதில் ஐந்தில் ஒரு பங்கோ இன்னும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. தசையும் காது மந்தமானவர் மாதிரி ஆகிவிடுகிறது, இளவயதில் மெல்லக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்த்த தசையை இப்போது உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உரக்க என்றால் போதிய எடை, போதிய புரதம், போதிய ஓய்வு. முப்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும், அறுபதுக்குப் பின் இன்னும் வேகமாக என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989இல்தான் பெயர் வைத்தார்கள்.

சரி, இதையெல்லாம் கேட்டு மனம் தளர வேண்டாம். பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையுள்ள முதியோர் இல்லத்துக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள், 1990இல் வெளிவந்தது. முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் கூப்பிட்டால் வருகிறது.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன், கார்ட்டிசால் என்ற பேச்சில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இது.

67 வயது அம்மா ஒருவர், ஈசூன் பக்கம் வீடு. முழங்கால் வலி என்று மகன் அழைத்து வந்தார். முகம் நல்ல உருண்டையாக, கன்னமெல்லாம் ஊதி, வயிறும் பெருத்து இருந்தது. பேன்ட்டைச் சுருட்டித் தொடையைப் பார்த்தால் என் முன்கையைவிடக் கொஞ்சம்தான் பருமன். கையில் லேசாக இடித்ததற்கே பெரிய பெரிய நீலக் கன்றல்கள். நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன், இரண்டு கையையும் ஊன்றி, மூன்றாவது தடவைதான் எழுந்தார். "சாப்பிடற மருந்தெல்லாம் கொண்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டபோது பையிலிருந்து பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் வந்தன, கடைசியாக, கொஞ்சம் தயங்கி, லேபிள் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. "இது மூலிகை தம்பி. தெரிஞ்சவங்க வாங்கிக் கொடுத்தாங்க. இதைப் போட்டா ரெண்டு நாள்ல வலி பறந்துடும்."

இரண்டு நாளில் வலியைப் பறக்கவைக்கும் மூலிகையை நான் பார்த்ததில்லை. அப்படிப் பறக்கவைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. நம் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது, மூட்டுவலிக்கு என்று விற்கும் சில மூலிகை, ஜாமு (மலாய், இந்தோனேசிய நாட்டு மருந்து) வகைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்ட்டிசாலுக்கு அண்ணன் முறையான மருந்து அது, எடைக்கு எடை பார்த்தால் சுமார் 25 மடங்கு வீரியம். மாதக்கணக்கில் உள்ளே போனால் தொடையும் தோளும் முதலில் கரையும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். அம்மாவை அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன், ரத்தப் பரிசோதனையில் அவருடைய சொந்த கார்ட்டிசால் ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே ஆபத்து. டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மருத்துவரே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, அதை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எடைப் பயிற்சி அவர்களுக்குத்தான் இன்னும் அவசியம்.

பயிற்சி எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு வருவோம். நான் கடிகாரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. ஐந்து பயிற்சிகள் என்று வையுங்கள்: உட்கார்ந்து எழுந்திருத்தல், இழுத்தல், தள்ளுதல், குனிந்து தூக்குதல், எடையைச் சுமந்து நடத்தல். ஒவ்வொன்றும் மூன்று செட், மொத்தம் பதினைந்து. ஒரு செட்டுக்கு 40 விநாடி, அடுத்ததற்கு முன் இரண்டு நிமிட ஓய்வு. நாற்பது நிமிடம் வந்துவிட்டது. உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடம் சேர்த்தால் ஐம்பது. முழங்கால் தகராறு உள்ளவர் மெதுவாகச் செய்தால் ஒரு மணி நேரம் பத்து நிமிடம்கூட ஆகும், ஆகட்டும். ஓய்வை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தாதீர்கள், ஓய்வு குறைந்தால் அடுத்த செட்டில் தூக்கும் எடையும் குறையும், தசைக்குப் போகும் அழைப்பும் மெலியும்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. தினம் இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்று போகும் அறுபது வயதுக்காரர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கு இரண்டாவது மணி நேரத்தில் நடப்பது பெரும்பாலும் களைப்புதான், களைத்த உடம்பில் அசைவு கெடும், மறுநாள் ஆறாது. காலையில் எழும்போதே நாடி வழக்கத்தைவிட வேகமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை, போன வாரம் தூக்கிய எடை இந்த வாரம் கனக்கிறது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் 2022 உடலியக்க வழிகாட்டியும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்றுதான் சொல்கிறது. இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி, இது என் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. வயதானவர்கள் ஒரு வேளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம், 60 கிலோ என்றால் 24 கிராம். நாலு இட்லியில் சுமார் 8 கிராம்தான் இருக்கும், தண்ணியான சாம்பார் அதைத் தூக்கிவிடாது. கூட இரண்டு முட்டை, ஒரு கிளாஸ் பால் என்றால் கணக்குச் சரியாகிவிடும். சைவம் என்றால் தவ்குவா (கெட்டி டோஃபு), தெம்பே (புளிக்கவைத்த சோயா), சுண்டல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

தோள் வலி அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: வேலை முடிந்ததும் சாப்பிடுங்கள், கனமான திரை போட்டுத் தூங்குங்கள், ஜிம்முக்கு மாலை நாலு மணிக்குப் போங்கள், வாரத்தில் மூன்று நாள். திரைச்சீலைக்குத்தான் அதிக நாள் ஆனது, வீட்டம்மாவுக்கு இருட்டு அறை பிடிக்கவில்லை. ஆறு மணி நேரத் தூக்கம் வர ஆரம்பித்தது. தோள் வலி இரண்டு மாதத்தில் அடங்கியது, ஆனால் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது, அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள், விழாமல் பிடிக்க நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆசிய சார்கோபீனியா பணிக்குழு 2019இல் வைத்த எல்லை 12 விநாடி. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், கை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலும், அடுத்த தடவை பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) போகும்போது அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளையும் ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், லேபிள் இல்லாத டப்பா இருந்தால் அதையும் சேர்த்து.