வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிரதிவாதி

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். மஞ்சள் பைக்குள் ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதுகள், அவற்றின் நடுவே நான்காக மடித்த சம்மன். கூடவே, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பின் நகல், அதாவது இவர் ஆஜராகவில்லை என்று எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு. "ஒரு வாய்தாவும் தவறவில்லை சார், வராந்தாவிலேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

பொய்யில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, அட்டையில் இருக்கும் பெயர் வேறு. அந்த இரைச்சலில் அழைத்தது தன்னைத்தான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. 'அழைத்தும் ஆஜராகவில்லை' என்று பதிவாகிவிட்டது. வழக்குக்கு எழுத்தில் பதில் தரும் எதிர்வாதுரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் என்ற கணக்கையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஆறாதது இதுதான். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, பெண் என்றாலே இலவச வழக்கறிஞர் பெறத் தகுதி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. அந்த அம்மா முதல் நாளே வழக்கறிஞரோடு நின்றிருக்கலாம்.

குற்ற வழக்கு என்றால், வக்கீல் வைக்க வசதியில்லாதவரிடம் 'உனக்கு இலவச உதவி உண்டு' என்று நீதிபதியே சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 1981இலேயே சொல்லிவிட்டது. வீடு, சொத்து, குடும்பம் போன்ற உரிமையியல் (சிவில்) வழக்கில் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 33, விதி 9அ என்று ஒன்று 1976இல் சேர்ந்தது. வறியவராக வழக்கு நடத்த அனுமதி பெற்றவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் வழக்குப் போடுபவருக்கான வாசல். சம்மனைப் பிடித்துக்கொண்டு ஓடி வருபவர் அதில் நுழைவது அரிது.

சவுகார்பேட்டை வியாபாரிகள் இருவர் பாக்கிக்கு மல்லுக்கட்டினால் நீதிபதி கவலைப்பட வேண்டியதில்லை. குடியிருக்கும் வீடோ, பெற்ற பிள்ளையோ, ஜீவனாம்சமோ கைவிட்டுப் போகும் வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடும் இவர் தனியாளாகவும் நின்றால், முதல் வாய்தாவிலேயே "வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் இலவச வழக்கறிஞரைத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி, வழக்கறிஞர் வந்த பிறகே வழக்கைத் தொட வேண்டும். இதற்கு ஒரு வாய்தா கூடுதலாகும், அவ்வளவுதான்.

இலவச வக்கீல் ஏனோதானோவென்று நடத்துவார் என்பார்கள். அப்படியும் சிலர் உண்டு, மறைப்பானேன்? ஆணைக்குழுவுக்கு மனு எழுதி வேறொருவரைக் கேட்கலாம்.

சம்மன் வந்ததும் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பே வந்துவிட்டாலும், அதை நீக்கக் கோரத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் உண்டு.

அந்த அம்மா என்னிடம் வந்தது தீர்ப்பான 24ஆம் நாள். மனுவில் முதல் வேலையாக இரண்டு பெயர்களையும் எழுதி, நடுவில் 'என்கிற' என்று போட்டேன்.