சினை கலைந்த மாடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும்

ஏழு மாதச் சினையில் ஒரு மாடு கன்றை வீசிவிடுகிறது. நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை. வெறுங்கையால் அதை இழுத்து எடுப்பதும், செத்த கன்றை அப்புறப்படுத்துவதும், தொழுவத்தைக் கழுவிவிடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலை. சில வாரங்களில் அவருக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், இரவில் உடுத்திய துணி நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி. மாட்டுக்கு நடந்ததையும் இவருக்கு வந்ததையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே கிருமியாக இருக்கலாம்: புருசெல்லா. மாடுகளில் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள்.

1887ல் மால்டா தீவில், காய்ச்சலால் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டெடுத்தார். அது ஆட்டிலிருந்து வருகிறது என்பதை 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் காட்டினார். அங்கே காய்ச்சாத ஆட்டுப்பால்தான் நோயைப் பரப்பியது. நம் வீடுகளிலோ பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், சீம்பாலைக்கூட வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். அதனால் பால் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. திறந்திருப்பது கை வழி. ஒரு வீட்டில் யாருக்கு நோய் வரும் என்பதை இங்கே தீர்மானிப்பது, தொழுவத்தில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதுதான்.

நஞ்சுக்கொடி ஏன் இத்தனை ஆபத்தானது? மாடு, ஆடு போன்றவற்றின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. புருசெல்லாவுக்கு அது மிகவும் பிடித்த உணவு. சினை முற்ற முற்ற அது கிடைக்கும் இடத்தில் கிருமி கணக்கில்லாமல் பெருகுகிறது, கொடி வீங்கி அழுகுகிறது, கன்றுக்குப் போகும் ஊட்டம் நின்றுபோகிறது. இப்படி விழுந்த கொடியின் ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேல் கிருமிகள் இருக்கலாம். மனிதருக்கு நோய் வர, மூச்சில் போகும் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். கையில் புல் அறுத்த கீறல் இருந்தால் அது வழியாகவும், அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் கண் வழியாகவும் உள்ளே போய்விடும்.

உள்ளே போனதும் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. வழக்கமாக விழுங்கியதைச் செரித்து அழித்துவிடும். புருசெல்லா அந்தச் செரிமானப் பையோடு சேராமல் நழுவி, அணுவுக்குள்ளேயே ஒரு மறைவிடம் பிடித்துப் பெருகுகிறது. பிறகு அந்த அணுக்கள் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது: கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, முதுகெலும்பு. அதனால்தான் காய்ச்சல் விட்டு விட்டு மாதக்கணக்கில் வருகிறது. ஆண்களுக்கு விதைப்பை வீங்கலாம், கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். வெளியிலிருந்து பார்த்தால் டைஃபாய்டு மாதிரி இருக்கும், முதுகெலும்பில் இறங்கினால் காசநோய் மாதிரி தெரியும்.

இன்னொரு விஷயம் ஏமாற்றும். நோயுள்ள மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் கன்று வீசும். அடுத்த ஈற்று ஒழுங்காக நடக்கும். சரி, குணமாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் அந்த ஈற்றின் கொடியிலும் நீரிலும் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கலாம். இல்லாவிட்டால், கன்று வீசிய மாடு சந்தைக்குப் போய் இன்னொரு வீட்டுத் தொழுவத்தில் நிற்கும். கடன் வாங்கி மாடு பிடித்த குடும்பத்திடம் ‘விற்காதே’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை, இழப்பீடும் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011ல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்குத்தான் நான்கு ஆடுகள் வீதம் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆட்டைக் கையில் கொடுத்தவர்கள் குட்டி ஈனும்போது கொடியை எப்படிக் கையாள்வது என்பதையும் அதே கைக்குச் சொல்லித் தரவேண்டும். கால்நடை முகாமுக்குப் போய்க் கேட்டு வருபவர் ஆண், தொழுவத்தில் குனிபவர் பெண் என்றால், சொன்னது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போடுகிறார்கள். கன்றுக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் உடனே சொல்லக்கூடியவரும் அந்தப் பெண்தான்.

கையுறை இல்லாவிட்டால் ஓட்டையில்லாத பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கொடியை எடுக்கலாம். ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தாலும், கன்று வீசிய மாட்டின் கொடியை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். கர்ப்பிணி அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காய்ச்சல் வந்தால், ‘எங்கள் வீட்டு மாடு கன்று வீசியது, கொடியை நான்தான் எடுத்தேன்’ என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுதத் தோன்றும். சிகிச்சை உண்டு: பொதுவாக டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு வாரம். கர்ப்பிணிக்கு மருந்து மாறும். பத்து நாளில் காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போக வேண்டுமே என்று மாத்திரையை நிறுத்தினால், அணுவுக்குள் பதுங்கியது மறுபடி கிளம்பும்.