பாயோடு ஒட்ட வைப்பது யார்?

ஏறாவூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஹிட்ச்கொக் இயக்கிய ‘வேர்ட்டிகோ’ (1958) படம் பார்த்தேன். காதலிக்கிறேன் என்கிறவன், அவளுடைய உடுப்பையும் முடியையும் மாற்றச் சொல்லி ஏன் உயிரை வாங்குகிறான்?”

சுவிட்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங்கிடம் இதற்கொரு விளக்கம் உண்டு. நனவிலி என்பது நமக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் மனம். ஆணின் நனவிலியில் ஒரு பெண்ணுருவம் இருக்கிறது என்றார் யுங். அதற்கு அவர் வைத்த பெயர் அனிமா.

சரி, சுவையான இடம் இனித்தான். நனவிலியில் கிடப்பதை நேரே பார்க்க முடியாது. அதனால் அது புரொஜெக்டர் வெளிச்சம்போல வெளியே போய் யாராவது ஒருத்தி மேல் விழுகிறது. அவள் அதிகம் பேசாதவளாக இருந்தால் இன்னும் வசதி. படத்தில் நாயகன் ஸ்கொட்டி மயங்கும் மடலின் அப்படித்தான்: கனவில் நடப்பவள்போல ஒருத்தி. உண்மையில் அது ஜூடி என்ற பெண் கூலிக்குப் போட்ட வேஷம். ஸ்கொட்டி காதலித்தது அந்த வேஷத்தை.

மடலின் செத்துவிட்டாள் என்று நம்பியவன், பிறகு தெருவில் ஜூடியையே காண்கிறான்; அவள்தான் மடலினாக நடித்தவள் என்று தெரியாது. கடையில் வேலை செய்கிறாள், வாய் திறந்து பேசுகிறாள். உருவம் ஒட்டவில்லை. உடனே ஆளைத் திருத்தத் தொடங்குகிறான்: சாம்பல் நிற உடுப்பு, பொன்னிற முடி, கடைசியில் கொண்டை.

அதற்கு முன்பே ஜூடி உண்மையைக் கடிதமாக எழுதிக் கிழித்துப் போடுகிறாள். அதுவரை அவன் கண்ணால் பார்த்த நாம், அந்தக் காட்சியிலிருந்து அவள் பக்கம் நிற்கிறோம். காதலாகத் தெரிந்தது அப்புறம் வன்முறையாகத் தெரிகிறது. அவனை விரும்புவதால் அவளும் இணங்கித் தன்னையே அழிக்கிறாள். ஹிட்ச்கொக்கின் கெட்டித்தனம் அந்தக் கடிதம்தான்.

வெளியூர் ஆண் இங்கே மட்டக்களப்பில் கலியாணம் முடித்துத் தங்கிவிட்டால், மட்டக்களப்பார் அவனைப் பாயோடு ஒட்டவைத்துவிட்டார்கள், அதாவது வசியம் செய்து மயக்கிவிட்டார்கள் என்பார்கள். படித்தவர்களும் வசியம், மருந்து என்று சிரிக்காமல் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். மயக்கம் அவன் மனதில், பழி அவள் தலையில்!

யுங்கை முழுதாக நம்பவும் வேண்டாம். அனிமாவை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டுவது கடினம். பெண் உறுதியாக ஒரு கருத்துச் சொன்னால், அது அவளுக்குள் இருக்கும் ஆணுருவத்தின் வேலை என்கிற போக்கும் அவர் எழுத்தில் உண்டு. எனக்கு அது ஒப்பாது.

அளக்க முடியாததைக் கேட்டாவது பார்க்கலாம். வடமோடி, தென்மோடி என்ற நம் இரு பாணிக் கூத்துகளில் காலங்காலமாகப் பெண் வேஷம் கட்டியவர்கள் ஆண்கள். அப்படி ஆடியவர்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்கும் பார்வை மாறியதா? வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமும் கல்லடி அழகியல் நிறுவகமும் சேர்ந்தால், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமே கேட்டு ஆராயலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை; ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பஸ் காசும் போதும். அந்தக் காசை யார் தருவார்கள் என்பதுதான் கேள்வி.